கண் அழுத்தம் கூடியவர்களும் கண்ணாடி நீக்கும் லேசர் சிகிச்சையும்

கல்லூரித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், கண்ணாடியை நீக்கும் லேசர் சிகிச்சையைப் பற்றி அறிய இளைஞர்கள் பலர் எங்கள் கண் பிரிவுக்கு வருகின்றனர். திண்டுக்கல் நகரத்தவரோடு நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பகுதிகளைச் சேர்ந்தோரும் அவர்களுள் உண்டு. காவலர் தேர்வு, இராணுவ ஆள்சேர்ப்பு, வீட்டில் தொடங்கியுள்ள திருமணப் பேச்சு, நூற்பாலையின் வெக்கையில் வியர்த்து மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடி எனக் காரணங்கள் பலவாக இருக்கும். பரிசோதனையின் முடிவில் இவர்களுள் சிலருக்கு மட்டும் எதிர்பாராத ஒரு செய்தியைச் சொல்ல நேர்கிறது: “கண்ணின் அழுத்தம் 24 இருக்கிறது. லேசரைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம். முதலில் இதைப் பார்ப்போம்.”

உடன் வந்த பெற்றோர் வழக்கமாகக் கேட்பவை இரண்டு. “இரத்த அழுத்தம் இல்லாத பிள்ளைக்குக் கண்ணில் எப்படி அழுத்தம் வரும்?” என்பது முதலாவது. “லேசர் வைத்தால் அதுவும் சேர்ந்து சரியாகிவிடாதா?” என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வியின் பின்னே உண்மையான ஆபத்து ஒன்று ஒளிந்திருப்பதால் அதைப் பற்றியே இங்கு விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதற் கேள்விக்குச் சுருக்கமாக விடை கூறலாம். கண்ணின் அழுத்தமும் இரத்த அழுத்தமும் வேறு வேறானவை. கண்ணினுள்ளே தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள வலை போன்ற வடிகால் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கிறது. குளத்துக்கு வரும் நீரும் மதகு வழியே போகும் நீரும் ஒத்திருந்தால் நீர்மட்டம் நிலையாக நிற்கும். மதகு அடைபட்டால் மட்டம் உயரும். கண்ணிலும் அவ்வாறே. கண் அழுத்தம் மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவில் பெரும்பாலோருக்கு 10 முதல் 21 வரை இருக்கிறது. அதற்கு மேற்பட்ட அழுத்தம் நீண்டகாலம் நீடித்தால், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக அழியக்கூடும். அதுவே கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய். அழிந்த இழை மீண்டும் வளர்வதில்லை.

அழுத்தம் கூடிய எல்லோருக்கும் இந்நோய் இருப்பதாகப் பொருள் கொள்ளவேண்டாம். அமெரிக்காவில் 1,636 பேரைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. அழுத்தம் 24 முதல் 32 வரை இருந்தும் நரம்புச் சேதம் ஏதுமில்லாதவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். சொட்டு மருந்து கொடுக்கப்படாத பிரிவில் ஐந்தாண்டுகளில் 9.5 விழுக்காட்டினருக்கு நோய் உண்டாயிற்று. மருந்து இட்டவர்களிடையே அது 4.4 விழுக்காடு. மருந்தால் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதே வேளையில், மருந்தில்லாமலும் பத்தில் ஒன்பது பேர் அந்த ஐந்தாண்டுகளில் நரம்பு கெடாமல் இருந்தனர். எனவே 24 என்ற எண்ணைக் கண்டு அஞ்சி அழத் தேவையில்லை. அது தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டிய எண், அவ்வளவே.

அந்த ஆய்வு கருவிழியின் தடிமனைப் பற்றியும் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டிற்று. கருவிழி 555 மைக்ரானோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களுக்கு, 588 மைக்ரானுக்கு மேல் இருந்தவர்களைவிட மூன்று மடங்கு ஆபத்து இருந்தது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். ஆகவே நாம் பேசிக்கொண்டிருப்பது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு படலத்தைப் பற்றி. லேசர் சிகிச்சை கை வைப்பதும் இதே படலத்தின் மீதுதான்.

அழுத்தத்தை அளக்கும் கருவி எதைக் காண்கிறது?

சைக்கிள் கடையில் காற்றடித்த பின் கடைக்காரர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளிருக்கும் காற்றை அவர் நேரே அளப்பதில்லை. ரப்பர் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதைக் கொண்டு ஊகிக்கிறார். அதே அளவு காற்றைப் புதிய தடித்த டயரிலும் தேய்ந்து மெலிந்த டயரிலும் அடைத்தால், புதியது இறுக்கமாகவும் பழையது தளர்வாகவும் விரலுக்குத் தோன்றும். கண் அழுத்தத்தை அளக்கும் முறையும் இதுதான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த கோல்ட்மன் என்ற கண் மருத்துவர் 1950-களில் உருவாக்கிய கருவியே இன்றளவும் எங்களுக்கு உரைகல். அது கருவிழியின் நடுவில் சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்க்கிறது. கருவிழி ஏறத்தாழ 520 மைக்ரான் தடிமன் கொண்டது என்ற அனுமானத்தில் அதன் கணக்கு அமைந்துள்ளது. கருவிழி அதைவிடத் தடித்திருந்தால் எண் கூடுதலாகவும், மெலிந்திருந்தால் குறைவாகவும் காட்டும். முகாம்களிலும் கண்ணாடிக் கடைகளிலும் கண்மேல் ‘புஸ்’ என்று காற்றை ஊதி அளக்கும் கருவிக்கும் இக்குறை உண்டு. அந்தக் காற்று பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்பவர்களுக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்பவர்களுக்கும் எண் மேலும் ஏறும்.

இதனாலேயே ஒருமுறை எடுத்த எண்ணைக் கொண்டு நாங்கள் முடிவெடுப்பதில்லை. கருவிழி 600 மைக்ரான் உள்ளவருக்கு 24 என்பது உண்மையில் இயல்பான அழுத்தமாகவே இருக்கலாம். 490 மைக்ரான் உள்ளவருக்கு அதே 24, உள்ளே அதற்கும் மேலான அழுத்தம் இருப்பதைக் குறிக்கலாம். தென்னிந்தியரின் கருவிழி சராசரியாக ஐரோப்பிய வம்சத்தினருடையதைவிடச் சற்று மெல்லியது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

லேசர் கருவிழியை என்ன செய்கிறது?

லாசிக் முதலிய சிகிச்சைகளில் பயன்படும் எக்சைமர் என்ற புற ஊதா லேசர், வெட்டுவதோ சுடுவதோ இல்லை. திசுவை நுண்ணிய அடுக்குகளாக ஆவியாக்கி நீக்குகிறது. உயிர்த் திசுவைச் சுற்றுப்புறம் கருகாமல் இவ்வாறு செதுக்க இயலும் என்பதை 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவருள் ஒருவர், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று அவர் முதற் சோதனையைச் செய்தார். லேசரைக் கண்டு அஞ்சும் இளைஞர்களிடம் இதை நான் சொல்வதுண்டு. பலருக்கு அச்சம் சற்றுத் தணிகிறது.

கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கருவிழியின் நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்க வேண்டும். வழக்கமான அளவில் செய்யும்போது கண்ணாடியின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசு போகும். மைனஸ் 5 உள்ள ஒருவருக்குக் கருவிழி 520 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். செதுக்கிய பின் சுமார் 450 மிஞ்சும். லாசிக் முறையில் அதற்கு முன்பே 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் மேல்மூடி ஒன்றை உரித்துத் திறந்து, செதுக்கிய பின் திரும்ப மூடிவிடுவர். அந்த மூடி ஒட்டிக்கொண்டாலும் முன்போல் பாரம் தாங்குவதில்லை. ஆகவே கண்ணின் வலிமை அடியிலுள்ள சுமார் 340 மைக்ரானையே சார்ந்து நிற்கும்.

இப்போது டயரை நினைத்துக்கொள்ளுங்கள். கருவிழி மெலிந்தும் தட்டையாகியும் நெகிழ்ந்தும் போனதால், உள்ளிருக்கும் அழுத்தம் சிறிதும் மாறாதிருந்தும் கருவி காட்டும் எண் சில புள்ளிகள் இறங்கிவிடும். நேற்று 24 காட்டிய கண் இன்று 20 காட்டும். “லேசர் வைத்ததும் பிரஷரும் குறைந்துவிட்டது” என்று வீட்டில் மகிழ்ச்சி. உண்மையில் உள்ளே அதே 24-தான் இருக்கிறது. பத்தாண்டுகளுக்குப் பின் வேலை நிமித்தமாகத் திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கும்போது ஒரு முகாமில் அவர் கண்ணைக் காட்டுகிறார். கண்ணாடி அணியாததால் லேசர் செய்துகொண்டவர் என்று எவருக்கும் தெரியாது. கேட்டால்தான் அவரும் சொல்வார். அழுத்தம் 19, இயல்பு என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவர். நரம்பு அழிந்துகொண்டே இருக்கும்.

இந்நோயில் வலியும் சிவப்பும் தோன்றுவதில்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருவதால், நடுப்பார்வை கெடும்வரை நோயாளி உணர்வதும் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனையினர் தமிழகத்தின் மூன்று தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயின் முதன்மை வகை 1.7 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அவர்களில் 93 விழுக்காட்டினருக்குத் தமக்கு இந்நோய் இருப்பதாக அதற்கு முன் எவரும் கண்டறிந்து சொன்னதில்லை. ஐந்தில் ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு கண்ணோ இரு கண்களுமோ பார்வையற்றுப் போயிருந்தன. லேசர் செய்யாதவர்களிடத்திலேயே நிலைமை இதுவென்றால், அழுத்தக் கணக்கையும் மறைத்துவிட்ட கண்ணில் நோய் எவ்வளவு எளிதாகத் தப்பித்துக்கொள்ளும் என்பதை எண்ணிப்பாருங்கள். அதே ஆய்வு கிட்டப்பார்வைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதையும் காட்டியது. லேசர் கண்ணாடியைத்தான் நீக்குகிறது; நீண்டு வளர்ந்துவிட்ட கண் நீண்டதாகவே இருக்கும்; அதனுடைய நரம்புக்கும் விழித்திரைக்கும் உள்ள ஆபத்துகளும் அப்படியே இருக்கும்.

சொட்டு மருந்தால் வரும் அழுத்தம்

லேசருக்குப் பின் புண் ஆறவும் தழும்பு படியாமல் இருக்கவும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தரப்படுகிறது. மூடி திறக்காமல் மேற்பரப்பிலேயே செதுக்கும் பி.ஆர்.கே. முறையில் அதைப் பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கிலும் இட நேரும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து இட்டால் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு உயரும். இருபதில் ஒருவருக்கு மிக அதிகமாக உயரும். கிட்டப்பார்வை உள்ளோரும், கண் நீர் அழுத்த நோயாளிகளும், அவர்களுடைய பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் இவ்வாறு உயரும் தன்மை கூடுதலாக உடையவர்கள்.

லாசிக் செய்த கண்ணில் இது வினோதமான வடிவமும் எடுக்கக்கூடும். உயர்ந்த அழுத்தம் நீரை மூடிக்கும் அடிப்படலத்துக்கும் இடையே தள்ளி அங்கே தேங்கச் செய்யும். பார்வை மங்கும். நடுவில் வைத்து அளக்கும் கருவியோ அந்த நீர்ப்படுகையின் மென்மையையே கண்டு, அழுத்தம் மிகக் குறைவு என்று காட்டும். மங்கலை வீக்கமென்று கருதி ஸ்டீராய்டைக் கூட்டினால் தீ மேல் எண்ணெய் வார்த்ததாகும். இது அரிதானது, எனினும் லேசருக்குப் பின் குறித்த நாட்களில் தவறாமல் வரச் சொல்வதற்கும், தந்த சொட்டு மருந்தைச் சொன்ன நாளுக்கு மேல் கடையில் வாங்கி இடாதீர்கள் என்று வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

நம் பகுதிக்கென்றே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெயிலும் புழுதியும் மிகுந்த இச்சமவெளியில் சிறுவர்களுக்குக் கண் அரிப்பு ஒவ்வாமை மிகுதி. கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவந்து வரும் பிள்ளைக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து உடனே குளிர்ச்சி தரும். ஆகவே அந்தக் குப்பி வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பின்னாளில் அதே பிள்ளை லேசருக்காக வரும்போது, கூடிய அழுத்தமும், கசக்கியதால் கூம்பாகத் துருத்தத் தொடங்கிய கருவிழியும் சேர்ந்தே காணப்படலாம். கூம்புக் கருவிழிக்கு லாசிக் அறவே கூடாது. அழுத்தத்தைப் பொறுத்தவரை, மருந்தை நிறுத்தினால் பலருக்கு அது சில வாரங்களில் இறங்கிவிடும். இறங்கிய பின்னரே மற்றவற்றைப் பேச முடியும். எனவே “வேறு சொட்டு மருந்து ஏதும் இட்டதுண்டா?” என்று நாங்கள் கேட்கும்போது தயங்காமல் சொல்லுங்கள். முகத்துக்குப் பூசும் களிம்புகளையும் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது

கூடிய அழுத்தம் மட்டுமே லேசரைத் தடுத்துவிடாது. பார்வை நரம்பு நலமாக இருந்து, வடிகால் கோணம் திறந்திருந்து, கருவிழி போதிய தடிமனும் சீரான வடிவமும் கொண்டு, சில மாதங்கள் பார்த்ததில் அழுத்தம் நிலையாக இருக்குமானால், அபாயங்களை விளக்கி ஒப்புதல் பெற்றுச் செய்யலாம் என்பதே என் கருத்து. நரம்பிலோ பக்கப்பார்வையிலோ தேய்வு உறுதியாகிவிட்டவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. லாசிக்கில் மூடியை உரிக்கும்போது கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும் வளையம், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே ஆயினும், அழுத்தத்தை 65-க்கு மேல் உயர்த்தக்கூடியது. நலமான நரம்பு அதைத் தாங்கும். ஏற்கெனவே நலிந்த நரம்பை அதற்கு உட்படுத்துவானேன்? ஸ்டீராய்டால் அழுத்தம் கடுமையாக ஏறியவர்களும், அழுத்தத்துக்காக வடிகால் அறுவை செய்துகொண்டவர்களும் இவ்வகையிலேயே சேர்வர். கண்ணாடி எண் ஓராண்டாக மாறாமல் இருக்க வேண்டும் என்ற பொது விதி இவர்கள் அனைவருக்கும் உண்டு.

இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்டவர்களே மிகுதி. அவர்களுக்கு நான் சொல்வது, காத்திருங்கள் என்பதே. வெவ்வேறு நாட்களிலும் வேளைகளிலும் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். ஒரே நாளிலேயே சில புள்ளிகள் ஏறி இறங்குவது இயல்பு. கருவிழித் தடிமன், வடிகால் கோணம், பக்கப்பார்வைச் சோதனை, நரம்பின் நிழற்படம், ஓ.சி.டி. ஸ்கேன் ஆகியவற்றை லேசருக்கு முன்னரே செய்துகொள்ள வேண்டும். மைனஸ் எண் மிகுந்தவர்களின் நரம்பு பிறவியிலேயே சாய்ந்து தோன்றுவதால் ஓ.சி.டி. தாளில் சிவப்பு நிறம் நோயில்லாமலும் வரலாம். ஆறு மாதங்களோ ஓராண்டோ கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் அது பிறவி அமைப்பா, தேய்வா என்பது தெளியும். வேலைத் தேர்வுக்கு அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை என்ற அவசரத்தில் வருவோருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாப் பணிகளும் லேசர் செய்த கண்ணை ஏற்பதில்லை. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு லாசிக் செய்தவர்கள் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கையிலேயே உள்ளது. பணம் கட்டும் முன் அந்தந்தப் பணியின் அறிவிக்கையைப் படித்துவிடுங்கள்.

கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் முறையைச் சிலர் மாற்றாகக் கேட்கின்றனர். அது கருவிழியை மெலியச் செய்யாது என்பது நன்மை. ஆயினும் அந்த லென்ஸ் கண்நீர் ஓடும் வழியில் அமர்வதால் அதுவே அழுத்தத்தை ஏற்றக்கூடும்; முன்னறை ஆழம் குறைந்தவர்களுக்குப் பொருந்தாது. கண்ணாடியும், தூய்மையாகப் பேணப்படும் காண்டாக்ட் லென்ஸும் பழைய வழிகள்தாம். அழுத்த அளவீட்டைக் கெடுக்காதவை என்ற சிறப்பு அவற்றுக்கு உண்டு.

“லேசர்” என்ற ஒரே சொல்லால் விளையும் குழப்பமும் உண்டு. கண் அழுத்தத்தைக் குறைப்பதற்கும் லேசர் இருக்கிறது. அது வடிகால் வலையிலோ கருந்திரையிலோ செய்யப்படுவது. கருவிழியை மெலியச் செய்யாது, கண்ணாடியையும் நீக்காது. அப்பாவுக்கு லேசர் வைத்தும் கண்ணாடி போகவில்லையே என்று கேட்பவர்களின் தந்தை செய்துகொண்டது பெரும்பாலும் இந்த லேசராக இருக்கும். அப்படியானால் தந்தைக்கு அழுத்த நோய் இருந்திருக்கிறது என்று பொருள். பிள்ளையின் கோப்பில் முதலில் எழுதவேண்டிய செய்தியும் அதுவே. “தாத்தாவுக்கு வயதாகிக் கண் தெரியாமல் போயிற்று” என்று கடந்து செல்லும் குடும்பக் கதையின் பின்னும் சில வேளை இந்நோயே இருக்கும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

ஏற்கெனவே வேறு ஊரில் லேசர் செய்துகொண்டவர்கள், செய்த இடத்திலிருந்து நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்: அறுவைக்கு முந்தைய கண் அழுத்தம், அப்போதைய கருவிழித் தடிமன், அப்போதைய கண்ணாடி எண், அறுவைக்குப் பிந்தைய தடிமன். கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும். எந்த ஊரில் கண்ணைக் காட்டினாலும் லேசர் செய்ததை முதலிலேயே சொல்லுங்கள். முதுமையில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது அதன் அளவைக் கணக்கிடவும் இதே தாள் வேண்டியிருக்கும். இதில்லாமல் வந்தால் கணக்குத் தவறி, மீண்டும் கண்ணாடி அணிய நேரும்.

எங்களிடம் முதன்முறை ஆலோசனைக்கு வருவோர் மென்மையான காண்டாக்ட் லென்ஸை இரு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு வரவும். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து இடப்படும் என்பதால் சில மணி நேரம் பார்வை கூசும். தாமே வண்டி ஓட்டி வருவதைத் தவிர்த்து, துணைக்கு ஒருவரை அழைத்து வரவும். பழைய கண்ணாடிச் சீட்டுகளையும், வீட்டிலிருக்கும் சொட்டு மருந்துக் குப்பிகள் அனைத்தையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வரவும்.